பால் மங்கில் ஒட்டிய கறுப்பு

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பால் மங்கு இருக்கிறது. ரப்பர் மரத்தில் வெட்டுவாய்க்குக் கீழே, பால் சொட்டுவதற்காகக் கம்பியில் மாட்டி வைக்கும் பீங்கான் கிண்ணத்தைத் தோட்டத்தில் மங்கு என்போம். வெளியே வெள்ளையாக, விளிம்பில் ஒரு சிறு உடைசலோடு, மற்ற மங்குகளைப் போலத்தான் இதுவும் இருக்கும். உள்ளே, அடியில், தோல் போலக் கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்துப் பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெயில் ஊற வைத்திருக்கிறேன். போகவில்லை. எறிந்துவிடலாமே என்று கணவர் சொன்னார். எறியலாம்தான். வீடு ஒதுக்கும்போதெல்லாம் குப்பைக்கூடை வரைக்கும் அது போகிறது. பிறகு எப்படியோ அலமாரிக்கே திரும்பி வந்துவிடுகிறது.

சென்ற மாதம் என் மகளுக்கு மை கூட்ட வேண்டும் என்று மாமியார் அதைக் கீழே இறக்கினார். விளக்குப் புகையைப் பிடித்து விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்க அந்த அளவுக் கிண்ணம்தான் தோது என்றார். கிளினிக்கில் தாதியோ பிள்ளையின் கண்ணில் மை படவே கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். நான் இருவரிடமும் சரி என்று தலையாட்டியிருந்தேன். யார் பேச்சைக் கேட்டாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கேட்காமல் விட்டாலும் அதே பயம். கடைசியில் கண்ணுக்கு வேண்டாம், கன்னத்தில் ஒரு பொட்டு மட்டும் போதும், அதையும் வேறு கிண்ணத்தில் குழைப்போம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். "இந்தக் கிண்ணத்துக்கு என்ன கேடு?" என்று மாமியார் கேட்டார். அதில் குழைத்த மை ஓர் ஆளின் உயிரைக் கொண்டுபோயிற்று என்று, தொட்டிலில் பிள்ளை கிடக்கும் வீட்டில் எப்படிச் சொல்வது?

அந்த ஆள் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். மலாயாவில் ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருவரும் பால் வெட்டினார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகள். நடுவில் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் யாராவது இருமினால் இந்தப் பக்கம் தெரியும். பெரியப்பா எப்போதும் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார். கைலி மடிப்பில் ஒரு மரச்சீப்பு செருகியிருக்கும். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு, பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போகும் வழியில்கூட வாளியை இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை சீவிக்கொள்வார். மீசையை இடது கை விரலால் இரண்டு பக்கமும் நீவிவிடுவார். முதல் மனைவி இறந்த பிறகு, நாற்பதைக் கடந்த வயதில், போர்டிக்சன் பக்கம் சி ரூசாவுக்கு அருகே இருந்த ஒரு தோட்டத்தில் இரண்டாந்தாரமாகப் பெண் கட்டினார். அப்போது பெரியம்மாவுக்குப் பதினாறு வயது. மாப்பிள்ளைக்கு முப்பது என்று சொல்லியிருந்தார்கள். ரந்தாவில் முஸ்லிம் காக்கா ஒருவரின் மளிகைக் கடையில் விற்ற கறுப்புப் பொடியைக் குழைத்துத் தடவிக்கொண்டு பெரியப்பா மணவறையில் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமான சில நாளில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தபோது, முதுகில் வழிந்த தண்ணீர் கறுப்பாக ஓடியதைப் பெரியம்மா பார்த்துவிட்டார். அதை அவர் மன்னிக்கவே இல்லை. நான் அறிந்த காலமெல்லாம் பெரியப்பாவை அவர் மாமா என்றோ இன்னார் அப்பா என்றோ குறிப்பிட்டதில்லை. பிள்ளையும் இல்லை. கிழவன் என்றுதான் சொல்வார். "கிழவன் சாப்பிட்டாச்சு." "கிழவன் சந்தைக்குப் போயிருக்கு." தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வம்புக்கு இழுத்தால், துணியைக் கும்மிக்கொண்டே சொல்வார்: "தாலி கட்டுன அன்னிக்குப் பார்த்த தலை வேற, எண்ணெய் தேய்ச்ச அன்னிக்குப் பார்த்த தலை வேற. எந்தத் தலைக்கு நான் பொண்டாட்டின்னு இன்னும் எனக்குத் தெரியல." எல்லோரும் சிரிப்பார்கள். பெரியப்பா அந்த வழியே வந்தால் இன்னும் உரக்கச் சிரிப்பார்கள். அவர் சீப்பை எடுத்து ஒரு தடவை சீவிவிட்டுப் போய்விடுவார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு கடைகளில் அரிசியே இல்லை. கறுப்புப் பொடிக்கு எங்கே போவது? மரவள்ளிக்கிழங்கைத் தின்று எல்லாருக்கும் கன்னம் ஒட்டிப்போனது. ஆண்களுக்குக் கட்டத் துணி இல்லாமல் சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். அந்த நிலையில் ஒரு மனிதர் தலைமுடிக்காகக் கவலைப்பட்டார் என்றால் இன்று கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அன்றும் வேடிக்கையாகத்தான் இருந்தது. முதலில் காதோரம் வெளுத்தது, பிறகு நெற்றி, பிறகு மீசை. பெரியம்மா பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் அம்மாவிடம், எங்களுக்கும் கேட்க வேண்டும் என்றே, "அக்கா, வந்து பாரேன், என் வீட்டுல வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்து உக்காந்திருக்கான்" என்பார். பெரியப்பா, ரப்பர்த் தகடு உலர்த்தும் புகைக்கூடத்துச் சுவரில் படிந்த கரியைச் சுரண்டி வந்து, தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவிப் பார்த்தார். வேர்த்தால் வழிந்தது. மழைத் தூறலில் காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வரைக்கும் கறுப்புக் கோடுகள் இறங்கின. "பெரியவரு உருகுறாரு" என்று மரத்துக்கு மரம் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். ரப்பர்ப் பால் எதில் பட்டாலும் காய்ந்து தோலாக ஒட்டிக்கொள்ளும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு மங்கில் கரியைப் போட்டு, புதுப் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து ஊற்றி, ஈர்க்குச்சியால் கலக்கி, காய்வதற்குள் சீப்பால் தலையெங்கும், மீசையிலும் இழுத்துவிட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். புளித்த பாலின் நாற்றம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அடித்தது. காய்ந்தபோது முடி கற்றை கற்றையாக, சப்பாத்துத் தேய்க்கும் புருசு போல விறைத்து நின்றது. ஆனால் கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. பெரியப்பா லயத்துக்கு முன்னால் வெட்டவெளியில் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எல்லா வாசலிலும் ஆட்கள். தண்ணீர் அவர் தலையில் விழுந்து முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு பொட்டுக் கறுப்பு இறங்கவில்லை. அவர் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை அந்தப் பஞ்ச காலத்தில் நான் வேறு எங்கும் பார்க்கவில்லை. பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடியே, "லோரி டயரும்தான் மழையில நனையுது, கறுப்பு போகுதா? அதுக்காக அதை யாரும் கட்டிக்கிறதில்ல" என்றார்.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் பாதை போடும் வேலை, நல்ல சம்பளம், நல்ல அரிசி என்று முதலில் ஆசை காட்டினார்கள். போனவர்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வராமல் போகவே, பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. லோரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் காலை எங்கள் தோட்டத்துக்கு லோரி வருகிறது, திடமான ஆட்களாகப் பார்த்து எடுப்பார்கள், நரைத்த தலைகளை விட்டுவிடுவார்கள் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியின் வீட்டில் சமையல் செய்த பெண் மூலமாக லயத்துக்குச் செய்தி வந்தது. அன்று சாயங்காலம் தோட்டமே கிழமாவதற்கு ஆசைப்பட்டது. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி, புருஷனை முற்றத்தில் உட்கார வைத்து, அடுப்புச் சாம்பலைத் தேங்காய்ப்பாலில் குழைத்துத் தலையில் அப்பினாள். திடகாத்திரமான ஆண்கள் முதுகைக் கூனிக்கொண்டு நடந்து பழகினார்கள். எப்படி இருமினால் உண்மைபோல இருக்கும் என்று நிஜக் கிழவர்களிடம் போய்க் கேட்டார்கள். பெரியப்பா ஒருவருக்குத்தான் எந்த வேஷமும் தேவைப்படவில்லை. ஐம்பதைத் தாண்டியவர், தலையைக் கழுவினால் போதும்.

பெரியம்மா வெந்நீர் வைத்தார். சாம்பல் தெளிந்த தண்ணீர், எண்ணெய், எலுமிச்சைச் சாறு என்று அக்கம்பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கித் தேய்த்தார். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்பு அசையவில்லை. தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்ததில் கற்றையாக முடிதான் பிய்ந்து வந்தது. தலைத்தோலில் ரத்தம் கசிந்தது. மொட்டை அடித்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். மொட்டைத் தலையில் நரை எங்கே தெரியும், முகம் இன்னும் வாலிபமாகத்தான் காட்டும் என்று அம்மா தடுத்தார். அம்மா சொன்னது சரியா, தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தாடி வெள்ளையாக முளைக்க ஓர் இரவு போதாது. பெரியம்மா நாரைக் கீழே போடவில்லை. வாயும் அடங்கவில்லை. "இருக்கணும்னு பூசுனப்ப எல்லாம் ஓடிப் போச்சு. போகணும்னு கழுவுறப்ப ஒட்டிக்கிட்டு நிக்குது பாரு. உன்னை மாதிரியேதான் உன் தலையும்." பெரியப்பா, "போதும்டி, விடு" என்றார். அவர் குரல் அவ்வளவு மெலிதாக நான் கேட்டதில்லை.

காலையில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கமாக நின்றோம். அப்பாவுக்குக் காலில் பெரிய புண். அதைப் பார்த்ததும் அவரை ஒதுக்கிவிட்டார்கள். ஜப்பானிய அதிகாரி கழுத்தில் ஈரத்துண்டு போட்டிருந்தான். வரிசையில் நின்ற அந்தப் புது மாப்பிள்ளையின் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தான். துண்டு சாம்பலானது. ஓங்கி ஓர் அறை விட்டு, லோரியைக் காட்டினான். அதற்குப் பிறகு அவன் தன் கண்ணை நம்பவில்லை. ஒவ்வொரு தலையையும் தேய்த்துப் பார்த்தான். சாம்பல் வந்த தலைகளெல்லாம் லோரிக்குப் போயின. பெரியப்பாவின் முன்னால் வந்து நின்றான். கட்டைவிரலை அவர் முன்நெற்றி முடியில் வைத்து அழுத்தித் தேய்த்தான். விரலைத் திருப்பிப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. இந்தத் தோட்டத்தில் பொய் சொல்லாத தலை இது ஒன்றுதான் என்பது போல அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

அப்போது பெரியம்மா பெண்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். "கிராணியாரே, அது கிழவனுங்க. நீங்களாவது சொல்லுங்க. பின்பல்லு ஒண்ணுகூட இல்ல, கிழங்கை மசிச்சுத்தான் குடுக்கிறேன். முட்டி வலிக்குதுன்னு விடிய விடிய மொனகுது. குழாயடிக்கு நடந்தா மூச்சு வாங்குது. என்னைத் தொட்டு எத்தனையோ வருஷமாச்சு, அந்தத் தெம்பு எங்க இருக்கு? மேலுக்கு மையைப் பூசிக்கிட்டு நிக்குது, உள்ள ஒண்ணுமில்லைங்க." களத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். லோரியில் ஏற்றப்பட்டவர்களும்கூடச் சிரித்தார்கள். கிராணி அதை மலாய் மொழியில் அதிகாரிக்கு எடுத்துச் சொன்னார். கடைசிப் பகுதியைச் சொன்னபோது அவனும் சிரித்தான். பெரியப்பாவின் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தான். போ என்பது போலக் கையை ஆட்டினான். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆள் தப்பிவிட்டது.

கிராணி கடமைக்காகத்தான் கேட்டார். "உன் வாயாலேயே வயசைச் சொல்லிட்டு அந்தப் பக்கம் போய் நில்லு."

பெரியப்பா தலையை நிமிர்த்தினார். சிரித்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இடுப்புச் சாக்கின் மடிப்பில் கைவிட்டுச் சீப்பை எடுத்து, பிய்ந்தும் ரத்தம் காய்ந்தும் கிடந்த தலையை ஒரு தடவை சீவினார். "அவ சொல்றது பொய்யுங்க. எனக்கு நாப்பது" என்றார்.

"யோவ், யோசிச்சுச் சொல்லு."

"நாப்பதுங்க. மலை ஏறுவேன், மரம் தூக்குவேன். அவனுக்கும் சொல்லுங்க."

யாரும் இழுக்காமல் தானாகவே நடந்து போய், யாருடைய கையையும் பிடிக்காமல் லோரியில் ஏறினார். ஏறும்போது முட்டி ஒரு கணம் மடங்கியது. அதை மறைக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பெரியம்மா அழவில்லை, ஓடவில்லை. லோரி திருப்பத்தில் மறைந்த பிறகு, "கிழவன்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்த மங்கை எடுத்துச் சாக்கடைப் பக்கம் வீசினார். விளிம்பு உடைந்தது. மண்சோறு ஆக்கி விளையாடுவதற்காக நான் அதைப் பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

பெரியப்பா திரும்பி வரவில்லை. சண்டை முடிந்து அந்த லோரியில் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னார். அங்கே போய்க் கொஞ்ச நாளிலேயே பெரியப்பாவுக்கு அடிமுடி வெள்ளையாக வளர்ந்துவிட்டதாம். நுனியில் மட்டும் கறுப்பு ஒட்டிக்கொண்டு தொங்கியதாம். காவல்காரர்கள் அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, தலையைத் தொட்டுத் தொட்டுச் சிரிப்பார்களாம். "கடைசி வரைக்கும் சீப்பை மட்டும் விடல. வாந்தி பேதியில படுத்தப்பகூடக் கையில வச்சிருந்தாரு" என்றார். இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார். கேட்டவர்களுக்கும் சிரிப்பு வந்தது. பெரியம்மாவின் பாடு அதைவிட மோசம். புருஷனை வாயாலேயே லோரி ஏற்றி அனுப்பியவள் என்று குழாயடியில் அவர் காதுபடவே பேசினார்கள். ஒரு காலத்தில் அவரைப் பேசவைத்துச் சிரித்த அதே பெண்கள்தான். அவர் குடத்தை நிறைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பல விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். வீம்பு என்றார் அம்மா. வேலைக்கு ஆகாத கிழவன் என்று பதிந்துவிட்டால் தோட்டத்தில் அளக்கும் கொஞ்சநஞ்சப் பங்கீட்டு அரிசியையும் நிறுத்திவிடுவார்கள், இரண்டு பேரும் பட்டினி கிடக்க வேண்டும் என்று அண்ணன் கணக்குப் போட்டிருப்பார் என்றார் அப்பா. அப்பா சொல்வதை நம்பத்தான் எனக்கு ஆசை. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு என் உடம்பு என்னுடையதாக இல்லாமல் போனது. கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. நெற்றியோரம் இந்த வயதிலேயே நரை. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் கணவர் விளையாட்டாக, "பிள்ளையோட அம்மாவா, பாட்டியான்னு கேக்கப் போறாங்க" என்றார். நானும் சிரித்தேன். காப்பி கலக்க உள்ளே போனவள், அடுப்பை மூட்டாமல் நெடுநேரம் நின்றேன். அன்று எனக்குப் பெரியம்மா ஞாபகம் வரவில்லை. லோரியில் ஏறும்போது மடங்கிய அந்த முட்டிதான் ஞாபகம் வந்தது. ஒருவேளை அதுவும் என் மிகையான நினைப்பாக இருக்கலாம். உயிரைவிடவா ஒரு சிரிப்பு பெரிது? எனக்குத் தெரியவில்லை.

மாமியார் மங்கைக் கீழே இறக்கிய அதே வாரத்தில், பிள்ளையைப் பார்க்கப் பெரியம்மா தோட்டத்திலிருந்து ரந்தாவுக்குப் பஸ் ஏறி வந்தார். நாற்பதைத் தாண்டியவர்தான், அறுபது என்று சொல்லலாம். தலை முழுவதும் வெளுத்திருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "மூக்கு உன் பெரியப்பன் மூக்கு. பொட்டப்புள்ளையா பொறந்துச்சு, மீசை வராது, பிழைச்சுக்கும்" என்றார். என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ஏன்டி இப்படி ஊதிக் கெடக்கிற? தலைக்கும் ஏதாச்சும் போடு, பஞ்சு மாதிரி இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, கூடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். மாமியார் அடுப்படியில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இங்க ரந்தாவ் கடையில தலைக்குப் போடுறது போத்தல்ல விக்குதாமே. எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு லா. லயத்துல சின்னப் புள்ளைங்க எல்லாம் பாட்டிங்குதுங்க."

வாங்கித் தருகிறேன் என்றேன்.

"பார்த்து வாங்கு. கழுவுனா போயிடுறதா இருக்கணும்."

தண்ணீர் குடிக்க அவர் சமையலறைக்குள் வந்தபோது மங்கு மேசைமேல்தான் இருந்தது. மேல்தட்டில் திரும்ப வைக்க நான் மறந்திருந்தேன். அது என்னவென்று அவர் கேட்கவில்லை. எடுத்து, விளிம்பின் உடைசலைப் பார்த்தார். கட்டைவிரலை உள்ளே விட்டு, அடியில் இருந்த கறுப்பை அழுத்தித் தேய்த்தார். பிறகு விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். சுத்தமாக இருந்தது.